தெளிந்த நீரில் மறைந்த நீலம்

குழாயில் தண்ணீர் நின்றால்தான் நமக்கு ஆறு நினைவுக்கு வருகிறது. 2020 செப்டம்பர் தொடக்கத்தில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் ரசாயனக் கரைப்பான் கலந்தது. அதனால் சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு விநியோகம் தடைபட்டது. வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் அந்த நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். ஆறு கெட்டுப்போனால் உடனே "எந்தத் தொழிற்சாலை?" என்று கேட்கும் வழக்கமும் அதன்பின் நம்மிடம் வலுத்துவிட்டது.

காஜாங் வட்டாரத்திலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஐவரும் அந்தக் கேள்வியோடுதான் தங்கள் அறிவியல் விழா ஆய்வைத் தொடங்கினார்கள். சொல்லப்போனால், கேள்வியோடு அல்ல, விடையோடு. ஒரு துளி நீரை எடுக்கும் முன்பே அட்டையில் படம் வரைந்து வைத்துவிட்டார்கள்: கறுப்புப் புகை கக்கும் ஒரு புகைபோக்கி, அதன் கீழே செத்து மிதக்கும் மீன்கள்.

நான் படித்த பள்ளி அது. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் பயில்கிறேன் என்பதால், பருவ விடுமுறையில் ஆசிரியை உதவிக்கு அழைத்தார். மாணவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பாக, குழுத் தலைவியின் பெயரை. காரணம் போகப்போகப் புரியும்.

பள்ளிக்குப் பின்புறம் ஒரு சிற்றாறு ஓடுகிறது. மேட்டிலிருந்து இறங்கி, சில சிறுதொழிற்சாலைகளைக் கடந்து, பள்ளி வேலியை ஒட்டி வந்து, பழைய கடை வரிசையின் பின்பக்கமாகச் சென்று, முடிவில் லங்காட் ஆற்றில் சேர்கிறது. மாணவர்கள் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவது, தொழிற்சாலைகளைத் தாண்டிய இடம். இரண்டாவது, கடை வரிசையின் கால்வாய் ஆற்றில் விழும் வாய். மூன்றாவது, அங்கிருந்து ஏறக்குறைய முந்நூறு மீட்டர் கீழே இருக்கும் சிறுபாலம்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் பயன்படுத்தும் மின்னணுக் கருவியை இரவல் வாங்கி வந்திருக்க முடியும். வேண்டுமென்றே அதைச் செய்யவில்லை. நான் போனபின் கருவியும் போய்விடும். ஆய்வும் அதோடு நின்றுவிடும். அதற்குப் பதிலாக அலங்கார மீன் கடைக்குப் போனோம். மீன் தொட்டியின் அம்மோனியாவைச் சோதிக்கும் துளி மருந்துப் பெட்டி ஒன்று, காடி காரம் பார்க்கும் தாள், மீனின் பூஞ்சை நோய்க்குப் போடும் மெத்திலீன் நீலம் ஒரு சிறு குப்பி, கையுறைகள். எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது.

மெத்திலீன் நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசுபட்ட நீரில் நுண்ணுயிரிகளுக்குத் தீனி நிறைய இருக்கும். தின்னும்போது அவை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத புட்டியில் அந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால், நீரில் விட்ட நீலச்சாயம் நிறமிழந்துவிடும். ஆகவே, எந்தப் புட்டியில் நீலம் சீக்கிரம் மறைகிறதோ அதில்தான் அழுகும் பொருள் அதிகம். கழிவுநீர் நிலையங்களில் ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்த சோதனைதான் இது. சுற்றுச்சூழல் துறை பார்க்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவீட்டுக்கு இது ஏழை வீட்டு அண்ணன் மாதிரி. எண் தராது, வரிசை தரும்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். நான் பழக்கத்தில் "ஆக்சிஜன்" என்றபோதெல்லாம் மாணவர்கள் "உயிர்வளி" என்று திருத்திக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய பாடநூல் சொல் அது. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் நான் தொலைத்த சொல்லும் அதுதான். நீரில் கரைந்த உயிர்வளி என்றதும், "அப்ப மீன் அதைத்தான் மூச்சு விடுதா அக்கா?" என்று ஒருவன் கேட்டான். என் விரிவுரைக் குறிப்பில் அரைப் பக்கம் வரும் விளக்கத்தை அந்தச் சொல்லே அவனுக்குக் கொடுத்துவிட்டது.

அந்த உயிர்வளி நம் ஊரில் இயல்பாகவே குறைவு. உறைநிலைக்கு அருகிலுள்ள குளிர்நீர் ஒரு லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். நம் நாட்டின் முதல் வகை ஆறு என்று பெயர் வாங்க 7-க்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே சமவெளியில் ஓடும் நம் ஆறுகளுக்குக் கையிருப்பு மிகக் குறைவு. குளிர்நாட்டு ஆறு தாங்கிக்கொள்ளும் கழிவை நம் ஆறு தாங்காது.

மாதிரி எடுக்கும் முன் எந்தப் புட்டி தோற்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்து ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும் என்றேன். முந்தைய இரவு நல்ல மழை. தொழிற்சாலைக்குக் கீழே எடுத்த நீர், பால் குறைந்த தே தாரே போலப் பழுப்பாக இருந்தது. கால்வாய் வாயில் எடுத்த நீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், அவ்வளவே. ஐந்து தாள்களிலும் ஒரே விடை: பழுப்பு நீர்.

மூன்று புட்டிகளையும் விளிம்புவரை நிரப்பி, ஒரே அளவு நீலம் விட்டு, மூடி இறுக்கி, அறிவியல் அறை அலமாரிக்குள் இருட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஓய்வு நேரத்தில் கதவைத் திறந்து பார்ப்பது என்று முடிவு. இரண்டாம் நாள் காலை கால்வாய்ப் புட்டியில் நீலம் இல்லை. நான்காம் நாள் பாலத்துப் புட்டி வெளிறியது. பழுப்பு நீர் ஐந்தாம் நாளும் நீலத்தை விடவில்லை.

யாரோ மருந்து விட மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒருத்தி நிறம் போன புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து கொஞ்சம் நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி மூடிக் குலுக்கினாள். நீலம் திரும்பி வந்தது! உள்ளே போன காற்று சாயத்துக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்று பாட வேளை முழுவதும் அந்தப் புட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. மருந்து இருந்தது, உயிர்வளிதான் இல்லை என்று அதன்பின் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அம்மோனியாச் சோதனையும் அதையே சொன்னது. நிற அட்டையில் தொழிற்சாலைக்குக் கீழே லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், கால்வாய் வாயில் 4, பாலத்தடியில் 1. அட்டை காட்டுவது அம்மோனியாவை. சுற்றுச்சூழல் துறையின் வகைப்பாடோ அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கில் எடுக்கிறது. பதினேழு பங்கு அம்மோனியாவில் நைட்ரஜன் பதினான்கு பங்கு. ஐந்தாம் ஆண்டுப் பின்னக் கணக்கு முதல்முறையாக வகுப்புக்கு வெளியே அவர்களுக்குப் பயன்பட்டது. மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 0.2, 3.3, 0.8. துறையின் எல்லைகள் 0.1, 0.3, 0.9, 2.7. ஆக, இந்த ஓர் அளவீட்டைப் பொறுத்தவரை முதல் இடம் இரண்டாம் வகை. பாலம் மூன்றாம் வகை. கண்ணாடிபோல் தெளிந்த கால்வாய் நீர், எதற்கும் உதவாத ஐந்தாம் வகை.

பழுப்பு நிறம் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நீரில் மிதக்கும் மண்ணும் மாசுதான். நம் நாட்டின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவீடுகள் இருக்கின்றன: கரைந்த ஆக்சிஜனுக்கு 22 விழுக்காடு எடை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 19, வேதி ஆக்சிஜன் தேவைக்கு 16, மிதக்கும் திடப்பொருளுக்கு 16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 15, காடி காரத் தன்மைக்கு 12. இவற்றுள் நம் கண் பிடிப்பது ஒன்றைத்தான், மிதக்கும் மண்ணை. மற்ற ஐந்தும் கண்ணுக்குத் தெரியாதவை.

அம்மோனியாவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று மாணவர்கள் கேட்டார்கள். கழிப்பறை வாடைதானே, கொதிக்க வைத்தால் போகாதா? சிக்கல் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறது. கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் முதலில் அம்மோனியாவோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்ப்பதற்கே எட்டிலிருந்து பத்து மில்லிகிராம் குளோரின் தேவைப்படும். அதன் பிறகு மிஞ்சுவதுதான் கிருமிகளுக்கு. அதனால் நிலையம் எடுக்கும் ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தாண்டினால் நிலையத்தை மூடுவதே வழி. 2014 தொடக்கத்தில் லங்காட் படுகையில் செராஸ் பதினோராம் கல், புக்கிட் தம்போய் நிலையங்கள் மூடப்பட்டது அம்மோனியாவால்தான்.

இன்று நம் வட்டாரத்துக்கு நீர் தரும் லங்காட் 2 நிலையம் பெயரில்தான் லங்காட். அதன் நீர் வருவது பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து, தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து போட்ட 44.6 கிலோமீட்டர் சுரங்கப் பாதை வழியாக. சிலாங்கூரின் தேவை பெருகியது அதற்கு முதன்மைக் காரணம், உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றை விட்டுவிட்டு மலைக்கு அந்தப்புறத்திலிருந்து நீர் கொண்டுவருகிறோம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு விசித்திரமாக இருந்தது. எனக்கும்தான்.

இப்போது குழுத் தலைவிக்கு வருகிறேன். அந்தக் கடை வரிசையில் ஐந்து உணவகங்கள். அவற்றில் ஒன்று அவளுடைய அப்பாவுடையது. காலையில் நாசி லெமாக், மதியம் வாழையிலைச் சோறு, மாலையில் தோசை. நீலம் போன புட்டியைப் பார்த்த நாளிலிருந்தே அவள் பேச்சுக் குறைந்துவிட்டது. மற்ற நால்வருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. இடங்களின் பெயரை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் அறிக்கையில் போடலாமா என்று ஆசிரியை கேட்டார். பரிவோடுதான் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம் டீச்சர். அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்றாள்.

அவர் கோபப்பட்டாராம். "இருபது வருஷமா இந்த லைன்ல எல்லாரும் இப்படித்தான் கழுவுறோம். என் கடை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?" மறுநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். அலமாரியைத் திறந்து மூன்று புட்டிகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டது, அந்த மாதம் முழுவதும் நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது: "சரிம்மா, இது எங்க கடைத் தண்ணிதான்னு எப்படிச் சொல்றீங்க? அந்தக் கால்வாயில வீட்டுத் தண்ணியும்தானே வருது?"

உண்மையில் எங்களால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அவரே கொடுத்தார். திங்கட்கிழமை அந்த வரிசையில் நான்கு உணவகங்கள் மூடியிருக்கும். மற்ற நாள்களில் மதிய வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவும் மூன்று மணிக்கு ஒரு மாதிரி, திங்கட்கிழமை அதே மூன்று மணிக்கு ஒரு மாதிரி. இரண்டு வாரம் எடுத்தார்கள்.

முடிவு இரண்டாகப் பிரிந்தது. கடைகள் மூடிய நாளில் நீலம் இரண்டு நாள் கூடுதலாக நின்றது. ஆகவே எச்சில் சோறும் எண்ணெயும் குழம்பும் உணவகங்களிலிருந்தே வருகின்றன. ஆனால் அம்மோனியாவின் பச்சை நிறம் திங்கட்கிழமையும் அதே அடர்த்தி. கடை திறந்தாலும் மூடினாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் அதில் பெரும்பங்கு வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

அந்த வேறெங்கோ, கடைக்குப் பின்னாலிருக்கும் பழைய வீடுகள். அவற்றில் பல, பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்படாதவை. கழிப்பறை நீர் வீட்டு வளாகத்திலுள்ள செப்டிக் தொட்டிக்குப் போகும். தொட்டியில் வண்டல் தங்கி, மேல்நீர் கால்வாய்க்கு வழியும். சமையலறை நீரும் துணி துவைத்த நீரும் தொட்டியைக்கூடப் பார்க்காமல் நேரே கால்வாய்க்குப் போகும். தொட்டி ஒழுங்காக வேலை செய்ய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை அள்ள வேண்டும். மாணவர்கள் தத்தம் வீட்டில் விசாரித்து வரவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். ஐவரில் மூவர் வீட்டில் செப்டிக் தொட்டி. கடைசியாக எப்போது அள்ளினார்கள் என்று ஒருவர் வீட்டிலும் நினைவில்லை. "தாத்தா இருந்தப்ப ஒரு லாரி வந்துச்சு" என்றாராம் ஒரு பாட்டி. தாத்தா இறந்தது பேரன் பிறப்பதற்கு முன்பு.

அப்போதுதான் குழுத் தலைவியின் முகம் தெளிந்தது. அவள் அப்பா மட்டும் இல்லை, எல்லாருடைய அப்பாக்களும்!

கால்வாய் வாயின் சேற்றில் அவர்கள் கண்ட சிவப்புப் புழுக்களையும் சொல்லிவிடுகிறேன். மீன் தீனியாக விற்பார்களே, அதே புழு. கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். அதன் சிவப்பு, நம் இரத்தத்தில் இருப்பதுபோன்ற ஹீமோகுளோபினால் வந்தது. உயிர்வளி மிகக் குறைந்த சேற்றிலும் கிடைக்கும் சிறிதளவைப் பிடித்துவைத்து அது பிழைத்துக்கொள்கிறது. தொழிற்சாலைக்குக் கீழே அந்தப் புழு அகப்படவே இல்லை. சிறு இறாலும் தண்ணீர்ப் பூச்சிகளும் இருந்தன.

ஆக, அந்தப் புகைபோக்கிப் படத்தை அழிக்க வேண்டியதாயிற்று. குழுவிலிருந்த பையன் ஒருவன் மட்டும் சம்மதிக்கவில்லை. "அந்தத் தொழிற்சாலை ராத்திரியில தண்ணி விட்டா? நாம பகல்லதானே எடுத்தோம்?" என்று பிடிவாதமாக நின்றான். நியாயமான கேள்வி. அதோடு, மீன் கடை மருந்து அம்மோனியாவைக் காட்டும். கரைப்பானையோ உலோகத்தையோ காட்டாது. 2020-இல் நிலையங்களை மூட வைத்தது வாடை. அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்களின் மூக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்: வாடை போகும்வரை மாதிரியில் சுத்தமான நீரைக் கலந்துகொண்டே போய், எத்தனை மடங்கு கலந்தோம் என்று கணக்கிடுவார்கள். அறிமுகமில்லாத ரசாயனத்தைச் சிறுவர்கள் முகர்ந்து பார்க்க விடக்கூடாது என்பதால் நாங்கள் அதைச் செய்யவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவனே எழுதினான்: "நாங்கள் பகலில் மட்டும் மாதிரி எடுத்தோம். தொழிற்சாலை நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் சோதித்த இரண்டு பொருள்கள் அங்கே குறைவாக இருந்தன என்று மட்டும் சொல்கிறோம்." பல்கலைக்கழகத்தில் நாங்கள் எழுதும் பல அறிக்கைகளில் இந்த நேர்மையைக் காண முடிவதில்லை.

விழாவில் ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. நீதிபதி ஒருவர், "சரி, இதில் உங்கள் புத்தாக்கம் என்ன? என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை, செய்தி ஒன்றைத்தான் கண்டுபிடித்தோம் என்பதை எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் விசையைத் தட்டினால் விளக்கு எரியும் தானியங்கிக் குப்பைத்தொட்டி இருந்தது, தங்கம் அதற்கு. அந்தப் பிள்ளைகள்மேல் குறையில்லை. பதக்கத்துக்கு ஒரு பொருள் வேண்டும் என்று நாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். ஒன்றை அளந்து, நினைத்தது தவறு என்று தெரிந்து, மறுபடி அளப்பதற்கும் ஒரு பதக்கம் வைத்தால் நல்லது.

குழுத் தலைவியின் அப்பா பாத்திரத் தொட்டிக்குக் கீழே எண்ணெய்ப் பொறி ஒன்று வாங்கிப் பொருத்தியிருக்கிறார். எண்ணெயும் எச்சிலும் அதில் தங்க, நீர் மட்டும் வெளியே போகும். உணவகங்களுக்கு ஊராட்சி மன்றங்கள் கேட்பதுதான் அது. அந்த வரிசையில் இதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. தினமும் அள்ளிக் கொட்டுவது பெரிய வேலை என்று சலித்துக்கொள்கிறார். மற்ற நான்கு கடைகளும் அப்படியே இருப்பதால் கால்வாய்ப் புட்டியில் இதுவரை பெரிய மாற்றமில்லை. வீட்டுத் தொட்டிகள் மூன்றில் ஒன்றை அள்ளிவிட்டார்கள், அந்தப் பாட்டி வீட்டுத் தொட்டியை.

வேறு பள்ளிகள் இதைச் செய்ய விரும்பினால் சில நடைமுறைக் குறிப்புகள். பெரியவர் ஒருவர் இல்லாமல் கரைக்குப் போக வேண்டாம். மழை பெய்யும்போதும், பெய்து முடிந்த சில மணி நேரத்திலும் கால்வாய்க்குள் இறங்கவே வேண்டாம். நீண்ட கம்பில் கட்டிய குவளையால் கரையிலிருந்தே நீரை மொண்டுகொள்ளலாம். கையுறை கட்டாயம். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் வரும்; ஆகவே காலணி போட்டுக்கொள்ள வேண்டும், திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். புட்டியை நிரப்பும்போது குமிழி இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று முடிவைப் பொய்யாக்கிவிடும். நாள், மணி, முந்தைய இரவு மழையா, அருகில் எந்தக் கடை திறந்திருந்தது என்பதையெல்லாம் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். வகுப்புக்குத் திரும்பி எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். அம்மோனியாச் சோதனை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த மருந்துத் துளிகள் தோலை அரிக்கும்.

அந்தப் பள்ளியின் குறிப்பேட்டில் இப்போது பதினொரு நாள்களின் அளவுகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு இந்த ஐவரும் ஆறாம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால், இப்போதைய நான்காம் ஆண்டிலிருந்து இருவரைச் சேர்த்துப் புட்டி நிரப்பப் பழக்கி வருகிறார்கள். இரவில் மாதிரி எடுக்க வேண்டும் என்ற பையன் தன் அண்ணனைச் சம்மதிக்க வைத்துவிட்டான். பள்ளி அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள்.